இதயத்தைக் கேட்டறிதல்: மாரடைப்புக்குப் பின் நடைச் சோதனை வளர்ந்த வரலாறு

கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸின் பெயரால் வழங்கும் நூல்களுள் ஒன்றை அரபு மருத்துவ உலகம் ‘தக்திமத்துல் மஃரிஃபா’ என்னும் பெயரால் அறிந்திருந்தது. ஹிஜ்ரி மூன்றாம், கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த மொழிபெயர்ப்பாளர் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் வழியாக அது அரபியில் பரவியது. பின்வந்த மருத்துவர்கள் பலர் அதற்கு விரிவுரை எழுதினர். சொல்லுக்குச் சொல் பொருள் கொண்டால் ‘அறிவை முற்படுத்துதல்’ என்பது அத்தொடரின் கருத்து. நோயாளியின் முகத்தோற்றம், மூச்சு, உறக்கம், வியர்வை, சிறுநீர் ஆகியவற்றைக் கூர்ந்து நோக்கி, நோய் எத்திசையில் செல்லும், அவர் பிழைப்பாரா என்பதை முன்கூட்டி உணரும் கலையை அந்நூல் கற்பித்தது.

இக்கலை எதற்காக வேண்டும் என்பதற்கு அந்நூல் கூறும் காரணம் இன்றும் சிந்திக்கத் தக்கது. முன்னறிந்து சொல்லும் மருத்துவரிடம் மக்கள் நம்பிக்கையோடு தம்மை ஒப்படைப்பர். வரப்போவதை உணர்ந்தவரே சிகிச்சையையும் செம்மையாக வகுக்க இயலும். ஆக, முன்னறிவு என்பது நோயாளியின் நம்பிக்கைக்கும் மருத்துவரின் செயலுக்கும் உரிய கருவி.

பழைய முன்னறிவு, படுத்துக் கிடக்கும் நோயாளியைப் பார்த்து அறிந்த முன்னறிவு. இருபதாம் நூற்றாண்டில் மாரடைப்பு என்னும் நோயை எதிர்கொண்ட மருத்துவர்கள், படுத்திருப்பவரைப் பார்ப்பது மட்டும் போதாது என்பதை மெல்ல மெல்ல உணர்ந்தனர். ஓய்வில் இருக்கும்போது அமைதியாகத் தோன்றும் இதயம், எழுந்து நடக்கும்போது என்ன செய்யும்? அதை அறிய ஒரே வழி, நோயாளியை நடக்க வைத்துப் பார்ப்பதுதான். இன்று நம் ஊர் மருத்துவமனைகளில் ‘டி.எம்.டி.’ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் டிரெட்மில் சோதனையை நம்மில் பலர் அறிவோம். மாரடைப்பு வந்து சில நாட்களே ஆன ஒருவரை அந்த ஓடும் பட்டையின் மீது ஏற்றிவிடும் துணிவு மருத்துவ உலகிற்கு எவ்வாறு வந்தது, அதனால் என்ன அறியப்பட்டது, அந்த அறிவு எவ்வாறு பயன்பட்டது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இங்கு ஒன்றை முதலிலேயே கூறிவிடுதல் நலம். இச்சோதனையை நம் முன்னோர் அறிந்திருந்தனர் என்று நிறுவுவது நமது நோக்கமன்று. அவர்கள் அறிந்திருக்கவில்லை. அறிந்தவற்றை அறிந்தன என்றும், அறியாதவற்றை அறியாதன என்றும் எழுதுவதே அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை.

படுக்கையே மருந்தாக இருந்த காலம்

உடல் முழுமைக்கும் குருதியை அனுப்பும் இதயத்திற்கும் குருதி வேண்டும். இதயத்தின் அறைகளில் நிறைந்திருக்கும் குருதியிலிருந்தே அது ஊட்டம் பெறுகிறது என்ற கருத்தை இப்னு ஸீனா கொண்டிருந்தார். அதனை மறுத்து, இதயத்தின் உடலுக்குள் பரவியிருக்கும் நாளங்களின் வழியாகவே அது ஊட்டம் பெறுகிறது என்று எழுதியவர், ஹிஜ்ரி 687 (கி.பி. 1288)இல் கெய்ரோவில் மறைந்த இப்னுந் நஃபீஸ். ‘தக்திமத்துல் மஃரிஃபா’வுக்கு விரிவுரை எழுதியவர்களுள் அவரும் ஒருவர். நுரையீரல் வழிக் குருதியோட்டம் பற்றிய அவருடைய கருத்தை 1924இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தில் தாம் அளித்த ஆய்வேட்டின் வாயிலாக உலகின் கவனத்திற்குக் கொண்டு வந்தவர் முஹ்யித்தீன் அத்ததாவி என்னும் எகிப்திய மருத்துவர்.

இதயத்திற்கு ஊட்டம் தரும் அந்த நாளங்களில் ஒன்று திடீரென அடைபட, அதை நம்பியிருந்த தசைப்பகுதி மடிவதே மாரடைப்பு. அவ்வாறு அடைபட்டால் உடனே மரணம்தான் என்ற எண்ணம் நெடுங்காலம் நிலவியது. 1910இல் கீவ் நகரின் ஒப்ராஸ்ட்ஸோவ், ஸ்ட்ராஷெஸ்கோ ஆகியோரும், 1912இல் சிகாகோவின் ஜேம்ஸ் ஹெரிக்கும் எழுதிய கட்டுரைகள் அவ்வெண்ணத்தை மாற்றின. அடைப்பு ஏற்பட்ட பின்னரும் மனிதர் உயிரோடிருக்க முடியும். அவரை உயிரோடிருக்கும்போதே கண்டறியவும் முடியும் என்று அவர்கள் காட்டினர்.

பிழைத்தவரை என்ன செய்வது? ஹெரிக் சில நாட்கள் முழு ஓய்வு வேண்டும் என்றார். அந்தச் சில நாட்கள் அடுத்த தலைமுறையின் கையில் பல வாரங்களாக வளர்ந்தன. 1939இல் மேலரி, பால் டட்லி ஒயிட், ஸல்ஸெடோ-ஸல்கார் ஆகிய மூவரும் மாரடைப்பு ஏற்பட்டு இறந்த 72 பேரின் இதயங்களை ஆராய்ந்து, மடிந்த தசை உறுதியான வடுவாக மாற ஐந்து வாரம் முதல் இரண்டு மாதம் வரை ஆகிறது என்று கண்டனர். வடு உறுதியாகும் முன் இதயத்திற்கு வேலை கொடுத்தால் அது கிழிந்துவிடும், வீங்கிவிடும் என்ற அச்சத்திற்கு இந்த ஆய்வு அடித்தளமாயிற்று. ஆறு முதல் எட்டு வாரம் படுக்கை என்பது விதியானது. நோயாளி தாமாக உண்ணலாகாது, செவிலியர் ஊட்டுவர். தாமாக முகம் மழித்துக்கொள்ளலாகாது. புரண்டு படுப்பதற்கும் பிறர் துணை வேண்டும்.

இவ்விதி அன்பினால் விளைந்தது. ஆயினும் அதன் விளைவுகள் கொடியவை. அசையாத கால்களில் குருதி உறைந்து, அவ்வுறைவு நுரையீரலுக்குச் சென்று உயிரைப் பறித்தது. நுரையீரலில் சளி தேங்கிக் காய்ச்சல் வந்தது. தசைகள் மெலிந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, ‘இனி நான் எதற்கும் உதவாதவன்’ என்ற எண்ணம் நோயாளியின் உள்ளத்தில் வேரூன்றியது. படுக்கை உடலை என்ன செய்யும் என்பதை 1966இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் நடந்த ஓர் ஆய்வு எண்களில் காட்டிற்று. நோயேதுமற்ற ஐந்து இளைஞர்கள் மூன்று வாரம் படுக்கையில் கிடத்தப்பட்டனர். எழுந்தபோது, கடும் உழைப்பில் ஆக்ஸிஜனைப் பயன்படுத்தும் அவர்களுடைய ஆற்றல் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்திருந்தது. முப்பது ஆண்டுகளுக்குப் பின் அதே ஐவரை மீண்டும் சோதித்தபோது, முப்பதாண்டு முதுமை அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டதைவிட அந்த மூன்று வாரப் படுக்கை எடுத்துக்கொண்டது அதிகம் என்பது தெரிந்தது. நலமுள்ள இருபது வயது இளைஞருக்கே இந்நிலை எனில், ஐம்பது வயது நோயாளியை ஆறு வாரம் கிடத்தியது என்ன செய்திருக்கும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

நாற்காலியில் அமர்ந்த நோயாளி

இவ்விதியை முதலில் வெளிப்படையாக எதிர்த்தவர்களுள் பாஸ்டன் நகரின் சாமுவேல் லெவைனும் அவருடைய இளம் மாணவர் பெர்னார்ட் லோனும் குறிப்பிடத்தக்கவர்கள். படுத்திருப்பதைவிடக் கால்களைத் தொங்கவிட்டு அமர்ந்திருப்பது இதயத்தின் சுமையைக் குறைக்கும் என்று லெவைன் கருதினார். கால்களில் தங்கும் குருதி அவ்வளவுக்கு இதயத்திற்குத் திரும்பி வருவதில்லை என்பது அவருடைய வாதம். மாரடைப்பு வந்த 81 நோயாளிகளை முதல் வாரத்திற்குள்ளாகவே நாற்காலியில் அமர்த்தி, அதன் விளைவை 1952இல் இருவரும் வெளியிட்டனர். அஞ்சிய தீங்குகள் நேரவில்லை. நோயாளிகளின் உற்சாகம் கண்கூடாக உயர்ந்தது. இது நடந்தபோது உடன் பணியாற்றிய இளம் மருத்துவர்கள் இதைக் குற்றம் போலவே கருதினர் என்பதைப் பிற்காலத்தில் லோன் தம் நினைவுகளில் பதிவு செய்தார்.

1955 செப்டம்பர் 24ஆம் நாள் அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கு டென்வர் நகரில் மாரடைப்பு வந்தது. அவரைப் பார்க்க அழைக்கப்பட்டவர் பால் டட்லி ஒயிட். வடு உறுதியாக வாரக்கணக்கில் ஆகும் என்று 1939இல் காட்டிய மூவருள் ஒருவரான அவரே இப்போது, அதிபர் தம் பணிக்குத் திரும்பலாம் என்று உலகறியச் சொன்னார். ஐசனோவர் ஏழு வாரம் மருத்துவமனையில் இருந்தார்; நவம்பரில் வெளியேறினார்; மறு ஆண்டு தேர்தலில் மீண்டும் வென்று 1961 ஜனவரி வரை ஆட்சி புரிந்தார். மாரடைப்பு வந்தவர் வாழ்வு முடிந்தவர் என்ற பொதுமக்களின் எண்ணத்தை இந்நிகழ்ச்சி அசைத்தது.

ஆனால் ஒரு கேள்வி விடையின்றி நின்றது. நாற்காலியில் அமர்ந்த எல்லோரும் ஒரே நிலையினர் அல்லர். ஒருவர் வீடு சென்று இருபது ஆண்டு வாழ்கிறார். அவரைப் போலவே தோன்றிய இன்னொருவர் மூன்றாம் மாதம் தொழுகைக்கோ கடைக்கோ புறப்பட்ட வழியில் சாய்கிறார். இவ்விருவரையும் மருத்துவமனை வாசலிலேயே பிரித்தறிய வழியுண்டா?

படிக்கட்டிலிருந்து ஓடும் பட்டைக்கு

உழைப்பும் இதயமும் கொண்ட தொடர்பு புதிய செய்தியன்று. ‘ரியாளா’ எனப்படும் உடற்பயிற்சியை, மூச்சைப் பெரிதாகவும் அடுத்தடுத்தும் இழுக்கச் செய்யும் விருப்பார்ந்த அசைவு என்று இப்னு ஸீனா தம் ‘அல்கானூன்’ நூலில் வரையறுத்தார். அசைவின் அளவைக் கொண்டு அன்றி, அது உடலில் உண்டாக்கும் விளைவைக் கொண்டு பயிற்சியை அளந்த வரையறை அது. இங்கிலாந்தின் வில்லியம் ஹெபர்டன், நடக்கும்போது வந்து நின்றால் தணியும் நெஞ்சுவலியை 1772இல் வெளியான கட்டுரையில் விவரித்தார். அவர் அறிந்த ஒருவர் நாள்தோறும் அரைமணி நேரம் மரம் அறுத்து ஏறத்தாழக் குணமடைந்தார் என்ற குறிப்பும் அவர் எழுத்தில் உண்டு.

உழைக்கும் இதயத்தைக் கருவியால் காண, நெதர்லாந்தின் லைடன் நகரில் ஐந்தோவன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கிய இ.சி.ஜி. கருவி தேவைப்பட்டது. 1928இல் ஃபைல், சீகல் என்னும் இருவர், நெஞ்சுவலி உடையவர்களைப் பயிற்சி செய்யச் சொல்லி, வலி வரும்போது இ.சி.ஜி. கோட்டில் ஒரு குறிப்பிட்ட பகுதி தாழ்வதைக் கண்டனர். ‘எஸ்.டி. பகுதி’ எனப்படும் அது, இதயத் தசைக்குப் போதிய குருதி கிடைக்காதபோது தாழும். இதயம் தன் பசியைக் கோடாக எழுதிக் காட்டுகிறது எனலாம்.

1929இல் நியூயார்க்கின் ஆர்தர் மாஸ்டரும் ஓப்பன்ஹைமரும் இரண்டு படிகளைக் கொண்ட சிறு மேடையில் நோயாளியை ஏறி இறங்கச் செய்து நாடித்துடிப்பையும் குருதி அழுத்தத்தையும் அளக்கும் முறையை வகுத்தனர். பின்னாளில் அதனோடு இ.சி.ஜி.யும் சேர்ந்தது. ஆனால் மாஸ்டரின் முறையில் நோயாளி ஏறி இறங்கிய பிறகே இ.சி.ஜி. எடுக்கப்பட்டது. உழைப்பின்போது நடப்பது கண்ணுக்குத் தப்பியது. மேலும், வலுவானவருக்கும் மெலிந்தவருக்கும் அதே இரு படிகள்.

இக்குறையைப் போக்கியவர் சியாட்டில் நகரின் ராபர்ட் புரூஸ். அவரும் அவர்தம் குழுவினரும் 1963இல் வெளியிட்ட முறை, இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. பட்டை மணிக்கு ஏறத்தாழ 2.7 கிலோமீட்டர் வேகத்தில், 10 விழுக்காடு சாய்வோடு நகரத் தொடங்கும். மூன்று நிமிடத்திற்கு ஒரு முறை வேகமும் சாய்வும் கூடும். நோயாளி நடந்துகொண்டிருக்கும்போதே இ.சி.ஜி. ஓடும், குருதி அழுத்தம் அளக்கப்படும். எத்தனை நிமிடம் நடந்தார் என்பதே ஓர் அளவாகியது. இதில் ஆபத்து இல்லையா என்ற ஐயத்திற்கு 1971இல் ராக்மிஸ், பிளாக்பர்ன் ஆகியோர் விடை தந்தனர். ஏறத்தாழ 1,70,000 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பத்தாயிரம் சோதனைகளுக்கு ஏறத்தாழ ஒரு மரணமே நேர்ந்திருந்தது.

ஆயினும் அவை பெரும்பாலும் நாள்பட்ட நோயாளிகளுக்கும், நோய் உண்டா என்று ஐயுற்று வந்தவர்களுக்கும் செய்யப்பட்டவை. மாரடைப்பு வந்து பத்துப் பதினைந்து நாட்களே ஆன ஒருவரைப் பட்டையில் ஏற்றுவது வேறு காரியம். எழுபதுகளில் ஸ்காண்டிநேவியாவிலும் வட அமெரிக்காவிலும் சிலர் அதற்குத் துணிந்தனர். அவர்கள் கைக்கொண்ட நெறி எளியது: முழு வலிமையையும் சோதிக்காமல், நாடித்துடிப்பு முன்னரே குறித்த அளவை எட்டியதும் நிறுத்திவிடுவது, வலியோ மூச்சுத்திணறலோ தோன்றினால் அதற்கு முன்பே நிறுத்திவிடுவது. வீட்டில் மாடிப்படி ஏறுவதற்கும் கழிவறைக்கு நடப்பதற்கும் தேவையான உழைப்பை மருத்துவரின் கண் முன்னே ஒரு முறை செய்து பார்ப்பது போன்றது அது.

மொன்றியால் நகரின் 210 பேர்

1979இல் கனடாவின் மொன்றியால் இதய நிறுவனத்தைச் சேர்ந்த பியர் தெரூவும் அவர்தம் தோழர்களும் வெளியிட்ட ஆய்வு இவ்வரலாற்றின் திருப்புமுனை. மாரடைப்பிலிருந்து தேறிய 210 பேரை, வீட்டிற்கு அனுப்புவதற்கு ஒரு நாள் முன்பு, வரம்பிட்ட டிரெட்மில் சோதனைக்கு உட்படுத்தினர். பின்னர் ஓராண்டு அவர்களைத் தொடர்ந்து கவனித்தனர்.

146 பேருக்கு நடக்கும்போது எஸ்.டி. பகுதியில் மாற்றம் ஏதும் ஏற்படவில்லை. அவர்களுள் ஓராண்டில் இறந்தவர் 3 பேர், அதாவது 2.1 விழுக்காடு. 64 பேருக்கு அப்பகுதி தாழ்ந்தது. அவர்களுள் இறந்தவர் 17 பேர்; அதாவது 27 விழுக்காடு. திடீர் மரணம் முதல் குழுவில் ஒருவருக்கு நேர்ந்தது. இரண்டாம் குழுவில் பத்துப் பேருக்கு. படுக்கையில் ஒரே போலத் தோன்றிய மனிதர்களைச் சில நிமிட நடை இரு வேறு கூட்டங்களாகப் பிரித்துவிட்டது.

இவ்வெண்களை இருமுறை படிக்க வேண்டும். முதல் முறை படிக்கும்போது 27 விழுக்காடு என்பது அச்சமூட்டுகிறது. இரண்டாம் முறை படிக்கும்போது, கோடு தாழ்ந்த 64 பேருள் 47 பேர் ஓராண்டுக்குப் பின்னரும் உயிரோடிருந்தனர் என்பது தெரிகிறது. கோடு தாழாதவர்களிலும் மூவர் இறந்தனர். சோதனை சொன்னது ஒரு கூட்டத்தின் கதை. அக்கூட்டத்தில் இந்த மனிதர் எந்த எண் என்று அது சொல்லவில்லை, சொல்லவும் இயலாது.

தொடர்ந்து பல நாடுகளில் இத்தகைய ஆய்வுகள் நடந்தன. அவற்றை 1987இல் தொகுத்து நோக்கிய ஃப்ரோலிச்சரும் அவர் குழுவினரும் கவனிக்கத் தக்க முடிவு ஒன்றைக் கண்டனர். எஸ்.டி. பகுதி தாழ்வதைக் காட்டிலும், உழைக்கும்போது உயர வேண்டிய குருதி அழுத்தம் உயராமல் போவதும், மிகக் குறைந்த நேரமே நடக்க இயல்வதும் பல ஆய்வுகளில் உறுதியான அபாய அறிகுறிகளாக இருந்தன. நுட்பமான கோட்டைவிட, ‘இவர் எவ்வளவு தூரம் நடந்தார்?’ என்ற எளிய கேள்வியே பல நேரங்களில் அதிகம் சொல்லியது.

இவ்வறிவின் உடனடிப் பயன், அஞ்சத் தேவையற்றவரை அஞ்சாமல் வீட்டுக்கு அனுப்ப முடிந்ததே. வாரக்கணக்கில் இருந்த மருத்துவமனை வாசம் நாட்கணக்காயிற்று. 1988இல் எரிக் டோபோலும் அவருடன் பணியாற்றியோரும் வெளியிட்ட ஆய்வில், சிக்கலின்றித் தேறி, சோதனையிலும் குறை காணப்படாத 80 பேர் சீட்டுப்போட்டது போல இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழு மூன்றாம் நாளே வீடு சென்றது. மறு குழு வழக்கம்போல ஏழு முதல் பத்து நாட்கள் தங்கியது. முன்னதாகச் சென்றவர்களுக்கு அதனால் தீங்கு நேரவில்லை.

மனைவியரும் ஏறி நடந்தனர்

இவ்வரலாற்றில் நம் உள்ளத்தைத் தொடும் பகுதி அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்தது. அங்கு ராபர்ட் டீபஸ்க் என்னும் இதய மருத்துவர், மாரடைப்பு வந்து மூன்று வாரத்தில் நோயாளிகளை டிரெட்மில்லில் சோதித்து வந்தார். சோதனை மருத்துவருக்கு அறிவிப்பது ஒருபுறமிருக்க, நோயாளிக்கே அது எதை அறிவிக்கிறது என்ற வினாவை அவருடைய குழுவினர் எழுப்பினர். 1983இல் 40 ஆண்களைப் பற்றி அவர்கள் வெளியிட்ட ஆய்வில், பட்டையில் நடந்து முடித்தவர்களுக்குத் தம் உடல் மீதிருந்த நம்பிக்கை உயர்ந்ததும், அந்த நம்பிக்கையின் அளவுக்கேற்பவே அவர்கள் வீட்டில் நடமாடியதும் தெரிந்தது.

ஆனால் வீட்டில் இருப்பவர் நோயாளி மட்டுமல்லர். கணவர் எழுந்தால் ‘உட்காருங்கள்’ என்றும், வாளியைத் தொட்டால் ‘வேண்டாம்’ என்றும் தடுப்பது மனைவியின் அச்சம்தான். எனவே 1985இல் டெய்லர், டீபஸ்க், புகழ்பெற்ற உளவியல் அறிஞர் ஆல்பர்ட் பண்டூரா ஆகியோர் 30 மனைவியரைக் கொண்டு ஓர் ஆய்வு செய்தனர். பத்து மனைவியர் கணவரின் சோதனையைக் காணவில்லை. பத்துப் பேர் அருகிருந்து கண்டனர். மீதிப் பத்துப் பேர் கண்டதோடு, கணவர் எட்டிய அதே கடுமையில் தாமும் மூன்று நிமிடம் அப்பட்டையில் நடந்தனர்.

கண்ணால் கண்டவர்களின் அச்சம்கூட முழுமையாக நீங்கவில்லை. தம் கால்களால் நடந்து, தம் மூச்சால் அந்த உழைப்பை உணர்ந்த மனைவியரே, தம் கணவரின் இதயம் எவ்வளவு தாங்கும் என்பதைக் கணவர் உணர்ந்த அளவுக்கு உணர்ந்தனர். மற்றவர்களோ, மருத்துவர் விளக்கிச் சொன்ன பின்னரும் கணவரின் வலிமையைக் குறைத்தே மதித்தனர். நம் குடும்பங்களில் மாரடைப்பு வந்து மீண்ட வாப்பாவையோ பெரியவரையோ நாற்காலியிலேயே சிறை வைத்துவிடும் அன்பை அறிந்தவர்களுக்கு இவ்வாய்வின் பொருளை விளக்க வேண்டியதில்லை.

கேட்க இயலாதவர்கள்

சோதனையின் புகழ் ஓங்கியிருந்த காலத்திலேயே அதன் எல்லையும் தெரியத் தொடங்கியது. பட்டையில் ஏற்றப்பட்டவர்கள் யார்? பெரும்பாலும் நடுவயது ஆண்கள், சிக்கலின்றித் தேறியவர்கள். மூச்சுத்திணறலோ தொடர்ந்த நெஞ்சுவலியோ உடையவர்கள் சோதனைக்கே வரவில்லை.

எண்பதுகளில் இன்னொரு மாற்றமும் நிகழ்ந்தது. நாளத்தை அடைத்த உறைவைக் கரைக்கும் மருந்துகள் வழக்கத்திற்கு வந்தன. அடைப்பை மணிக்கணக்கில் திறந்துவிட்டால் மடியும் தசையின் அளவு குறையும். பிழைப்பவர் தொகை கூடும். இப்புதிய காலத்தில் பழைய சோதனை என்ன சொல்லும் என்பதை இத்தாலியின் ‘ஜிஸ்ஸி-2’ ஆய்வு காட்டியது. அதன் முடிவு 1995இல் வெளியாயிற்று. மாரடைப்புக்கு ஏறத்தாழ நான்கு வாரத்திற்குப் பின் 6,296 பேர் சோதிக்கப்பட்டனர். சோதனையில் குறை காணப்பட்டவர்களிடையேகூட ஆறு மாதத்தில் இறந்தவர் 2 விழுக்காட்டிற்கும் குறைவு. மொன்றியாலின் 27 விழுக்காடு எங்கோ மறைந்துவிட்டது. ஆனால் சோதனைக்கு உட்பட இயலாமல் விடப்பட்டவர்களிடையே இறந்தவர் ஏறத்தாழ 7 விழுக்காடு.

இதில் ஒரு பாடம் உண்டு. சோதனைத் தாளில் எழுதப்பட்ட முடிவுகளுள் மிகுந்த அபாயத்தைக் காட்டியது, எழுதப்படாத முடிவே. நடக்கச் சொல்லிக் கேட்கவே முடியாத நிலையில் இருந்தவர்களே அதிகக் கவனத்திற்கு உரியவர்கள். குறை தெரிந்தவர் மீதே கண் வைக்கும் மருத்துவமனை, ஏட்டில் இடம்பெறாதவரை மறந்துவிடக் கூடாது.

முன்னறிந்து என்ன செய்வது?

முன்னறிவு செயலுக்கு வழிகாட்டாவிடில் அது வெறும் அச்சுறுத்தலாகிவிடும். சோதனையில் குறை தெரிந்தவர்களுக்கு ஆஞ்சியோகிராம் எடுத்து, அடைப்பை பலூன் கொண்டோ பைபாஸ் அறுவையாலோ நீக்கினால் நன்மை உண்டா? டென்மார்க்கில் நடந்த ‘டனாமி’ ஆய்வு இதற்கு விடை தேடியது. உறைவு கரைக்கும் மருந்து பெற்ற பின்னரும், வீடு செல்லுமுன் செய்த நடைச் சோதனையிலோ நெஞ்சுவலியாலோ குருதிக் குறைவு வெளிப்பட்ட 1,008 பேர் இதில் இடம்பெற்றனர். 1997இல் முடிவு வந்தது. இறப்பு விகிதத்தில் இரு குழுக்களிடையே உறுதியான வேறுபாடு இல்லை. ஆனால் மீண்டும் மாரடைப்பு வந்தவர்கள், மருந்து மட்டும் பெற்ற குழுவில் 10.5 விழுக்காடு, அடைப்பு நீக்கப்பட்ட குழுவில் 5.6 விழுக்காடு. சோதனையின் எச்சரிக்கையைக் கேட்டுச் செயல்பட்டதால் எல்லாம் மாறிவிடவில்லை, மாறியதும் சிறிதன்று.

இன்று வசதியுள்ள மருத்துவமனைகளில் மாரடைப்பு வந்த உடனேயே ஆஞ்சியோகிராம் எடுத்து அடைப்பை நீக்கிவிடுகின்றனர். இதயத்தின் வலிமையை எக்கோ காட்டிவிடுகிறது. ஆகவே, யார் பிழைப்பார் என்று அறிவதற்காக முதல் வாரத்திலேயே பட்டையில் ஏற்றும் வழக்கம் பெரிதும் குறைந்துவிட்டது. ஆனால் மறுவாழ்வுப் பயிற்சியில், ஒருவர் எவ்வளவு நடக்கலாம், எந்த வேலைக்குத் திரும்பலாம் என்று வகுப்பதற்கு நடைச் சோதனை இன்றும் பயன்படுகிறது. முன்னறிவின் கருவியாகப் பிறந்தது, நம்பிக்கையின் கருவியாக நிலைத்திருக்கிறது.

மரண வேளையை எவரும் அறியார் என்று நம்புகிற நமக்கு, ஓராண்டுக்குள் இறக்கும் வாய்ப்பைக் கணக்கிடும் இச்சோதனை முரணாகத் தோன்றலாம். மொன்றியாலின் எண்களே இதற்கு விடை தருகின்றன. அபாயம் மிகுந்த குழுவில் பெரும்பான்மையோர் வாழ்ந்தனர். அபாயம் குறைந்த குழுவிலும் சிலர் மறைந்தனர். மருத்துவர் அறிந்தது அஜலை அல்ல. எவரிடம் கூடுதல் கவனம் வேண்டும் என்பதை மட்டுமே. அதைச் சரியாக உணர்ந்த மருத்துவர், கோடு தாழ்ந்தவரிடம் நம்பிக்கையைப் பறிக்கமாட்டார். கோடு தாழாதவரிடம் மருந்தை நிறுத்தலாம் என்றும் சொல்லமாட்டார்.

எனவே நம்மில் ஒருவர் மாரடைப்பிலிருந்து மீண்டு வீடு திரும்பும்போது, ‘எத்தனை நாள் இருப்பார்?’ என்று மருத்துவரிடம் தாழ்ந்த குரலில் கேட்பதை விட்டு, ‘அவர் எவ்வளவு நடக்கலாம், எப்போதிலிருந்து நடக்கலாம்?’ என்று கேட்பது பயன் தரும். முதற் கேள்விக்கு எந்த மருத்துவரிடமும் விடையில்லை. இரண்டாம் கேள்விக்கு விடை உண்டு. அதைக் கண்டடைய அரை நூற்றாண்டுக்கும் மேல் ஆயிற்று.